'எலெனா எ லே ஸோம்' பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரவுக்காட்சி
பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் 1956 படம். அந்தக் கடைசிக் காட்சி என்னை விட மாட்டேன் என்கிறது. ஜெனரல் ரோலான் ஒளிந்திருக்கும் வீட்டைச் சுற்றி ஊரே நிற்கிறது, போலீஸும் நிற்கிறது. அவர் நாடோடி வேஷத்தில் நழுவ வேண்டும், அதற்காக எலெனாவைக் காதலிக்கும் ஆன்ரி ஜன்னலில் நின்று, ஜெனரல்தான் என்று கூட்டம் நம்பும்படி எலெனாவை முத்தமிடுகிறான். நடிப்பாக ஆரம்பித்தது எந்த நொடியில் நிஜமாகிறது என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. கீழே நிற்கிற கூட்டமோ வந்த காரணத்தையே மறந்து ஜோடி ஜோடியாகக் கட்டிக்கொள்கிறது! சிரித்தேன், ஆனால் ஏதோ உறுத்துகிறது.

கொட்டகை
இதில் உறுத்த என்ன இருக்கிறது? கூட்டத்தைக் கிண்டல் செய்கிறார், அவ்வளவுதான். நீங்கள் காதல் படமாகப் பார்த்துவிட்டீர்கள். ரோலான் என்பது நிஜத்தில் இருந்த ஜெனரல் பூலான்ஜே. 1886-ல் பிரான்ஸின் போர் அமைச்சர், கறுப்புக் குதிரையில் வந்தால் பாரிஸே பைத்தியமாகும். 1889 ஜனவரி 27 அன்று பாரிஸ் இடைத்தேர்தலில் ஜெயித்த ராத்திரி, ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்கே போய் ஆட்சியைப் பிடித்துவிடலாம் என்று ஆதரவாளர்கள் நெருக்கினார்கள், மனுஷன் அசையவில்லை, ஏப்ரலில் கைதுக்குப் பயந்து பெல்ஜியத்துக்கு ஓட்டம். படத்தில் எனக்கு மனதில் நிற்பது ஜூலை 14, பிரெஞ்சு தேசிய தின நெரிசல்தான். எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாமலே எல்லாரும் கத்துகிறார்கள், நடுவில் எலெனா மாட்டிக்கொள்கிறாள்.

வடக்குரயில்
கிண்டல்தான் என்று அடித்துச் சொல்பவர் ஒருமுறை பிரஸ்ஸல்ஸ் பக்கம் இக்செல் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வரட்டும். நான் இங்கேதான் வேலை பார்க்கிறேன், படம் பார்த்த வாரமே தேடிப் போனேன். பூலான்ஜேயின் காதலி மார்கெரித் 1891 ஜூலையில் காசநோயில் இறந்தார், செப்டம்பர் 30 அன்று அந்தக் கல்லறை மேலேயே பூலான்ஜே தன்னைச் சுட்டுக்கொண்டார். ஒரே கல்லில் இரண்டு பேர். அவர் பெயருக்குக் கீழே 'நீயில்லாமல் இரண்டரை மாதம் எப்படி உயிரோடிருந்தேன்' என்று இருக்கிறது. அதைப் படித்த பிறகு எலெனாவாக வரும் இங்க்ரிட் பெர்க்மன் சிரித்துக்கொண்டே ராசிக்கு டெய்சிப் பூ கொடுப்பதை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம்வரிசை
ஃபிலிம் சொசைட்டியில் பார்த்தேன். வாள் சண்டைக் காட்சியில் பக்கத்து சீட்காரர் சிரித்த சிரிப்பில் வசனம் ஒன்றும் கேட்கவில்லை. சரி, புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பிரெஞ்சுப் பதிப்பையே தேடுங்கள், அமெரிக்காவில் வேறு பெயரில் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பு வேண்டாம், அதில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ரெனுவார் படங்களில் முதலில் அன்னா மன்யானி நடித்த 'தங்க வண்டி', அப்புறம் ழான் கபான் நடித்த 'பிரெஞ்ச் கான்கான்', கடைசியாக இது. மூன்றுமே மேடை, வேஷம், காதல் என்று ஒரே விஷயத்தைச் சுற்றுகிறவை. கைபேசியில் பார்க்காதீர்கள், ஒளிப்பதிவு இயக்குநரின் அண்ணன் மகன் க்ளோத் ரெனுவார், அந்த நிறமெல்லாம் வீணாகிவிடும். கதை புரியவில்லை என்று பாதியில் நிறுத்தாதீர்கள், யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று கணக்கு வைக்கவும் வேண்டாம். வரலாறு படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பதும் இல்லை.

கொட்டகை
வடக்குரயில், கல்லறை விஷயம் சரி. ஆனால் படத்தில் ஜெனரல் உயிரோடு தப்பிக்கிறார். ரெனுவார் வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறார். அந்தத் துப்பாக்கியைப் படத்துக்குள் கொண்டுவருவது நீங்கள், அவர் இல்லை.

வடக்குரயில்
தப்பவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.