ஜிஆர்இ சொற்கள்: வாக்கியத்துல வந்தா குழம்புது, உதவுங்க

வணக்கம். ஊர் காரைக்குடி, பிளஸ் டூ வரை தமிழ்வழி. வர்ற ஜனவரியில ஜிஆர்இ (வெளிநாட்டுல மேற்படிப்புக்குக் கேட்கிற நுழைவுத் தேர்வு) எழுதுறேன். சொல்லைத் தனியாக் கேட்டா அர்த்தம் டக்குனு சொல்லிடுவேன். ஆறு ஆப்ஷன்ல ஒத்த பொருள் தர்ற ரெண்டை எடுக்கிற கேள்வியிலதான் மார்க் போகுது.

உதாரணமா ‘லாக்கானிக்’, அளந்து பேசுறவர். ‘வாய்க்கு லாக்’னு ஞாபகம் வச்சேன், பசக்குனு ஒட்டிக்கிச்சு. பின்னாடியே ‘லொக்குவேஷியஸ்’ வந்துச்சு. ஓயாமப் பேசுறவர், நேர் எதிர். இப்ப ரெண்டுக்கும் பூட்டுதான் மனசுல வருது. இப்படி ஜோடிகள் நிறைய.

ஆன்கிங்கிற மனப்பாட ஆப்ல தினமும் சொல் அட்டை புரட்டுறேன். லத்தீன் வேர்ச்சொல்லும் பார்த்தேன், சிலதுக்குத்தான் கைகொடுக்குது. கானாடுகாத்தான்ல ஆயா வீட்டை மனசுல வச்சு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படினு சொற்களை அடுக்கினேன். வரிசை அருமையா நிக்குது, அந்த முறை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு சொல்லை எடுக்க முகப்புல இருந்து நடந்து வரவேண்டியிருக்கு. வெர்பல்ல, அதாவது தேர்வோட ஆங்கிலப் பகுதியில, 27 கேள்விக்கு 41 நிமிஷம்தான், கட்டுப்படியாகாது.

தேர்வு எழுதினவங்க சொல்லுங்க: ஒலி ஒத்து, பொருள் முட்டுற ஜோடிகளுக்கு நினைவுக் குறிப்பை எப்படி அமைச்சீங்க?