ஜிங்க் பேட்டரி பத்தி நம்ம வீட்டு குரூப்ல

ஏற்காடு பெரியப்பா: கவிதா கண்ணு, இன்வெர்ட்டர் பேட்டரி மறுபடி போயிருச்சு, மழை காத்துனா இங்க கரண்டு எப்ப போகும்னே தெரியல, ஜிங்க் போட்ட தண்ணி பேட்டரினு சொல்றியே அது கடையில கெடைக்குமா

கவிதா: இப்ப வேண்டாம் பெரியப்பா. உப்பு கரைச்ச தண்ணிதான் உள்ள, அதனால லித்தியம் மாதிரி தீப்பிடிக்கற பயம் இல்ல, ஜிங்க் ஒரு கிராமுக்கு கணக்குப்படி 820 மில்லிஆம்ப் அவர் சார்ஜ் வேற தேக்கும். ஆனா அந்த ஜிங்க் தகட்ட காப்பாத்தறதுலதான் ஆராய்ச்சி பண்ற எல்லாரும் மாட்டிட்டு இருக்கோம்

அத்தை: தகட்டுக்கு என்னடி ஆகுது

கவிதா: தண்ணியே அத அரிக்குது அத்தை. ஹைட்ரஜன் கேஸ் கெளம்பும், கேஸ் கெளம்பற எடத்துல காரம் ஏறி கரண்ட கடத்தாத வெள்ளை படிவு ஒட்டிக்கும், செல்லும் உப்பிக்கும். அந்தக் காலத்து டார்ச் செல்லுல பாதரசம் சேத்ததே இந்த கேஸ அடக்கத்தான், வெஷம்னு அத விட்டுட்டாங்க. இன்னொன்னு சார்ஜ் போடும்போது ஜிங்க் சமமா படியாம ஊசி ஊசியா வளந்து நடுவுல இருக்கற தடுப்ப குத்திட்டு அந்தப் பக்கம் தொட்டுச்சுனா ஷார்ட்டு, அவ்ளோதான்

செவ்வாப்பேட்டை மாமா: இது எங்க பட்டறை வேலையாச்சே. போல்ட்டுக்கு ஜிங்க் பிளேட்டிங் போடறப்ப கரண்ட ஏத்துனா ஓரத்துல கருகி முள்ளு முள்ளா நிக்கும், தொட்டியில பிரைட்னர் ஊத்துனா வழவழனு வரும். அத ஊத்த வேண்டிதான

கவிதா: அதேதான் மாமா, நாங்களும் ஊத்தறோம்!! ஆனா நீங்க ஒரு தடவ படிய வெச்சு அனுப்பிடுவீங்க, பேட்டரியில தெனமும் படியணும் தெனமும் கரையணும். பிரைட்னர் தீந்தா உங்களுக்கு மேல ஊத்திக்கலாம், மூடுன செல்லுல எப்படி ஊத்தறது

செவ்வாப்பேட்டை மாமா: ஆமா அது செலவாயிட்டேதான் இருக்கும்

கவிதா: அதான் தகட்டு மேலயே மெல்லிசா ஒரு பூச்சு குடுத்து பாக்கறாங்க, ஜிங்க் அயனி உள்ள போகணும் தண்ணி போகக்கூடாது, அதோட ஜிங்க் கரைஞ்சு படியறப்ப பூச்சுல விரிசல் விழவும் கூடாது. 2019ல கார்னெல் பல்கலைக்கழகத்துல கிராஃபீன்ங்கற மெல்லிசான கார்பன் ஏடு மேல ஜிங்க்க தட்டை தட்டையா படுக்க வெச்சு காட்டுனாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை அது. ஆயிரக்கணக்கான தடவ சார்ஜ் ஏறி எறங்கி ஓடுச்சுனு வர்ற பேப்பர் எல்லாத்தையும் அப்படியே நம்ப மாட்டேன், நெறய பேரு தேவைக்கு பல மடங்கு தடியான தகடு போட்டு கம்மி கரண்டுல ஓட்டுவாங்க, வீட்டுக்கு வர்ற பேட்டரிக்கு அந்த கணக்கு உதவாது

ஏற்காடு பெரியப்பா: அப்ப இப்பதைக்கு லெட் ஆசிட்டே வாங்கிக்கறேன்

கவிதா: வாங்குங்க பெரியப்பா, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க, கெணத்துத் தண்ணி வேண்டவே வேண்டாம்

செவ்வாப்பேட்டை மாமா: உன் கரைசல ஹல் செல்லுல, அதான் பிளேட்டிங் சோதிக்கற சின்ன தொட்டியில, ஓட்டிப் பாத்தியா கண்ணு? ஒரே தகட்டுல கம்மி கரண்டுல இருந்து ஜாஸ்தி வரைக்கும் எங்க முள்ளு வருதுனு தெரிஞ்சுரும்

கவிதா: இல்ல மாமா, எங்க லேப்ல அது கெடையாது. ஞாயித்துக்கெழம கரைசல எடுத்துட்டு பட்டறைக்கு வரட்டுமா?

செவ்வாப்பேட்டை மாமா: காலையிலயே வா, தொட்டிக்கு கரண்டு குடுக்கற ரெக்டிஃபயர் அன்னிக்கு சும்மாதான் கெடக்கும்