தாருக்கு முன் திட ஆக்ஸில்: ரேடியஸ் ஆர்மா, மூன்று ஆர்மா?

செம்மண், காரைக்குடி:
என்னுடையது 2013 மஹிந்திரா தார் ஜீப். முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) வைத்த இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன்; இரு முன்சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும். கானாடுகாத்தான் பக்கம் எங்கள் தோப்புக்குக் கண்மாய்க் கரையில் கோணலாக ஏறித்தான் போக வேண்டும். ஐப்பசி மழையில் செம்மண் ஊறிவிட்டால் ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சும்மா சுழல்கிறது. தரையில் இருப்பது இழுப்பதில்லை. அதனால் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் திட ஆக்ஸிலுக்கு மாறப் போகிறேன்; பழைய ஜீப் முன் ஆக்ஸில் ஒன்றை வாங்கி, வீட்டு முகப்பில் சாக்கு விரித்துக் கிடத்தியிருக்கிறேன். காயில் ஸ்பிரிங் என்பது முடிவு. ஆக்ஸிலைச் சேஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பிடிக்க எந்த ஆர்ம், அதாவது இணைப்புக் கை: இரண்டு ரேடியஸ் ஆர்மா, மூன்று தனி ஆர்மா? ஆர்மின் நீளத்துக்கு 90 செ.மீ. இடம் கிடைக்கிறது.

பட்டறைக்காரன், தேவகோட்டை:
தம்பி, முதலில் டிரான்ஸ்பர் கேஸின் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) முன் வாயும் ஆக்ஸிலின் டிஃபரென்ஷியலும் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரக் கூடு) ஒரே பக்கம்தானா என்று பாருங்கள். மாறியிருந்தால் ஆர்ம் பேச்சே வேண்டாம்.

ரேடியஸ் ஆர்ம் ஒவ்வொன்றும் ஆக்ஸிலை இரண்டு புஷ்ஷாலும் (ரப்பர் வைத்த குழாய்) சேஸை ஒன்றாலும் பிடிக்கும். வேலை எளிது, சாலையில் நிதானம். ஆனால் ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது அந்த முறுக்கு முழுவதையும் புஷ் ரப்பர்தான் தாங்க வேண்டும். ஆர்மோடு ஆக்ஸிலும் திரும்பும்: 90 செ.மீ. ஆர்மில் வண்டியை 10 செ.மீ. உயர்த்தினால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) 6 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். பிறகு ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது. உங்கள் கரைக்குக் கீழே இரண்டு, மேலே ஒன்று, கூடவே ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு என்பதே சரி.

அதில் மேல் ஆர்மின் பிராக்கெட்டில் கஞ்சத்தனம் கூடாது. பிரேக் மிதித்தால் ஆக்ஸில் உருளப் பார்ப்பதை அது ஒன்றுதான் தடுக்கிறது. ஆக்ஸிலில் மேல், கீழ் ஆர்ம்களுக்கு நடுவே டயர் விட்டத்தில் கால் பங்காவது இடைவெளி விடுங்கள். பான்ஹார்ட் ராடு டிராக் லிங்குக்கு (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) இணையாகவும், முடிந்தவரை அதே நீளத்திலும் இருக்கட்டும்; இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் கையை இழுக்கும்.

மலைப்பாதை, புதுக்கோட்டை:
அண்ணன் சொல்வது உண்மை. நான் ரேடியஸ் ஆர்ம் போட்டு ஆறு மாதம் ஓட்டினேன். பிரேக் போடும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தால் ரப்பர் உள்குழாயை விட்டுப் பிரிந்து, விரலால் தள்ளினாலே சுற்றியது. ஆனால் தினமும் சாலையில் ஓடும் வண்டிக்கு இன்றும் ரேடியஸ் ஆர்மைத்தான் சொல்வேன்.

இன்னொன்று: தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. வெல்டிங்குக்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி இல்லையென்றால் பொதுச் சாலைக்குக் கொண்டு வராதீர்கள்.

செம்மண், காரைக்குடி:
இருவருக்கும் நன்றி. வண்டி தோப்புக்குள் மட்டும்தான் ஓடும். கரையும் எங்கள் நிலத்துக்குள்தான். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். வாய் ஒரே பக்கம்தான், இப்போதுதான் குனிந்து பார்த்தேன். ஆனால் மேல் ஆர்ம் நான் நினைத்த இடத்தில் எஞ்சின் சம்ப்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இடிக்கிறது. அண்ணன், அதை டிஃபரென்ஷியல் பக்கமாகத் தள்ளி வைக்கலாமா?

பட்டறைக்காரன், தேவகோட்டை:
வைக்கலாம். ஆனால் ஆக்ஸில் முழுதாக மேலே ஏறிய நிலையில் ஜாக்கி கொடுத்து நிறுத்தி, சம்ப்புக்கு இரண்டு விரல் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பற்றவையுங்கள்.