சிரட்டை கமத்தி வச்சேனா?

குலசேகரத்திலிருந்து:

"வாழுறதும் சாவதும் அவனவன் இஷ்டம்"னு காலேஜ் நாள்ல தற்கொலை பத்தி நான் ரொம்ப வாதாடியிருக்கேன். 2019 ஜூன் மாசத்தோட அந்தப் பேச்சை விட்டுட்டேன்.

எனக்க சித்தப்பா மகன் ரப்பர் பால்வெட்டுக்குப் போறவன்; மரத்தைக் கீறி, வடியுற பாலைச் சிரட்டையில பிடிக்கிற வேலை. ஜூன்ல வர்ற இடவப்பாதி மழை பிடிச்சா வெட்டு கிடையாது, வெட்டு இல்லேன்னா கூலியும் இல்ல. குழுக்கடன் தவணை மட்டும் வாரம் தவறாம வரும். மூணு வாரம் அடைக்க முடியல. அன்னைக்கு ராத்திரி அவன் என்ன செய்தான்னு இங்க எழுதமாட்டேன். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

வண்டியிலேயே பெரியப்பா, "தெரியாம நடந்ததுன்னு சொல்லு மக்களே, போலீஸ் கேஸாயிரும்"னார். நான் டாக்டர்ட்ட உள்ளதைச் சொன்னேன். மறைச்சிருந்தா வைத்தியமே தப்பிப் போயிருக்கும். போலீஸ் வந்து கேட்டு எழுதிக்கிட்டுப் போச்சு, வழக்கு இல்ல. 2017 மனநலச் சட்டத்துல 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், வேற விதமா நிரூபணமாகாத வரைக்கும், கடும் மன அழுத்தத்துல இருந்தார்னே எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. 2024 ஜூலை 1 முதல் நடப்புல உள்ள புதுக் குற்றவியல் சட்டத்துல, தற்கொலை முயற்சிக்குத் தண்டனை சொன்ன பழைய 309-ஆவது பிரிவே இல்ல. இது தெரியாம இன்னைக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பொய்யை யோசிக்கிற வீட்டுக்காரங்க உண்டு.

ரெண்டாம் நாள் கண்ணு முழிச்சான். "மழை விட்டுதா அண்ணா? சிரட்டையெல்லாம் கமத்தி வச்சேனா?" அதுதான் முதல் பேச்சு. அப்புறம் மெதுவா, "அந்த ஒரு மணிக்கூர் எனக்க கண்ணுக்கு வேற ஒண்ணும் தெரியல"ன்னு அழுதான். அதுக்குத்தான் நான் இஷ்டம்னு பேர் வச்சிருந்தேன். எல்லாரும் வருந்துவாங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரமில்ல. இவன் வருந்தினான்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணா, ஒரு இடத்துல நான் மாறுபடுறேன். அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றினப்போ, "இனி வென்டிலேட்டர் வைக்காண்டாம்"னு தெளிஞ்ச புத்தியோட மாசக்கணக்கா சொல்லிக்கிட்டிருந்தார். அதையும் சொந்தக்காரங்க தற்கொலைன்னாங்க. அப்படி முன்கூட்டி எழுதிவைக்கலாம்னு உச்ச நீதிமன்றமே 2018 மார்ச் 9-ல ஏத்துக்கிட்டது. உங்க தம்பிக்கு நடந்தது வேற, அப்பா கேட்டது வேற. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

குளச்சலிலிருந்து:

எனக்க தம்பி திரும்பி வரல. உடம்பு வீட்டுல கிடக்கும்போதே கோழைன்னும் பாவின்னும் பேச்சு. அடக்கத்துக்குக் கோவில்ல இடம் கிடைக்குமான்னு அம்மா நடுங்கினா. தற்கொலைக்கு அடக்கச் சடங்கு மறுக்கிற பழைய விதி 1983 கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்துல இல்லைன்னு பங்குச்சாமியார்தான் சொன்னார், அடக்கமும் அவரே செய்தார்.

தம்பி போறதுக்கு முந்தின வாரம், எங்கிட்ட வாங்கியிருந்த ரெண்டாயிரத்தைக் கொண்டு தந்து, "கணக்கு தீந்துது அக்கா"ன்னான். பொறுப்பு வந்துட்டுன்னு சந்தோஷப்பட்டேன். அவன் வருந்தினானான்னு யாருக்குத் தெரியும்? நான் வருந்திக்கிட்டிருக்கேன்.

குலசேகரத்திலிருந்து:

அக்கா, ராத்திரி உறக்கம் வருதா? அரசோட மனநல உதவி எண் 14416-ல எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசு இல்ல. ஆளை இழந்தவங்களும் கூப்பிடலாம். தம்பி டிஸ்சார்ஜ் ஆனபிறகும் மாசாமாசம் மனநல டாக்டரைப் பாத்தான், கடனைக் குடும்பமா உட்கார்ந்து பேசி அடைச்சோம். இப்ப வெட்டுக்குப் போறான். நீங்க எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கிட்டு வாறேன், வீட்டுல இருப்பீங்களா?