இன்ஜின் கோளாறுள்ள புதிய கார்: நுகர்வோர் ஆணையத்தில் நிரூபிப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் 14 மாதங்களுக்கு முன் புதிதாக வாங்கிய எங்கள் டீசல் காரில், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் குறைகிறது; காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்சரிலிருந்து நீலப் புகை வருகிறது. நான்கு முறை சர்வீசுக்கு விட்டும், ஜாப் கார்டில் "சரிபார்க்கப்பட்டது" என்று மட்டும் எழுதித் தருகிறார்களே தவிர, வாரண்டியில் இன்ஜினை மாற்றித் தர மறுக்கிறார்கள்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள், நாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே விற்பனையாளர், தயாரிப்பாளர் இருவர் மீதும் புகார் அளிக்கலாம் என்பதை அறிவேன். ஆனால், இது உற்பத்திக் குறைபாடுதான் என்று நிரூபிக்க, 38-ஆம் பிரிவின்படி ஆய்வகப் பரிசோதனைக்கு உத்தரவிடுமாறு ஆணையத்தைக் கேட்பது நல்லதா, தகுதியுள்ள பொறியாளர் ஒருவரின் அறிக்கையை முதலிலேயே இணைப்பது நல்லதா? இத்தகைய வழக்கை நடத்திய அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.