பல்லின் கழுத்தில் வைத்த கம்போசிட் ஏன் கழன்றது?

கடைவாய்:
மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில், ஒரே நாற்காலியில் எனக்கு இரண்டு ஃபில்லிங். ஒன்று கீழ்க் கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பில், சொத்தைக்காக. இன்னொன்று மேல் வரிசையில் ஒரு பல்லின் கழுத்தில், ஈறை ஒட்டி. அது பிரஷை அழுத்தித் தேய்த்து நானே வெட்டிக்கொண்ட பள்ளம். இரண்டுமே பல் நிறக் கம்போசிட்தான். கடைவாயில் வைத்தது இன்றுவரை அசையவில்லை. கழுத்தில் வைத்தது எட்டே மாதத்தில், பேசிக்கொண்டிருக்கும்போதே நாக்கில் சின்னக் கல் மாதிரி தட்டுப்பட்டது. துப்பிப் பார்த்தால் உடையவும் இல்லை, உதிரவும் இல்லை, முழுசாக வந்திருக்கிறது, உள்பக்கம் வழவழவென்று. சரக்கு கெடவில்லை, ஒட்டுதான் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட்டை வைத்திருக்க வேண்டும், பார்க்க அழகாயிருக்கும் என்று கம்போசிட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பல்லவன்:
மறுக்கிறேன். எனக்குத் தொழிலே இதுதான். கிளாஸ் அயனோமரில், சுருக்கமாக ஜிஐசியில், தேய்மானம் அதிகம், அமிலம் பட்டால் கரையும், போகப் போக மேல்பரப்பு சொரசொரப்பாகிக் கறை பிடிக்கும். பல்லின் கெட்டியான மேலோடு எனாமல், அதையே பிரஷால் வெட்டியவர் நீங்கள், ஜிஐசி உங்களுக்கு எம்மாத்திரம்? கம்போசிட்டில் பாதிக்கு மேல் கண்ணாடித் துகள்கள், அவற்றைப் பிடித்துவைத்திருப்பது ரெசின் என்ற பிசின். அது தேய்மானத்தைத் தாங்கும். ஒட்டு விட்டது என்கிறீர்கள், சரி. ஒட்டவைத்த விதத்தைப் பற்றிப் பேசுவோம், பொருளை ஏன் திட்டுகிறீர்கள்?

ஈரமண்:
பல்லவன் சார், பொருளையும் விதத்தையும் அப்படிப் பிரிக்க முடியாது. நான் பல் பொருட்கள் பற்றிப் பாடம் எடுப்பவள், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்பாரிக் அமிலத்தை வைத்தால் ரெசின் எனாமலைப் பிடித்துக்கொள்கிறது என்று 1955-இல் புவோனோகோர் என்ற பல் ஆய்வாளர் காட்டினார். எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. அமிலம் அதில் நுண்ணிய குழிகள் போடும், ரெசின் அவற்றுக்குள் இறங்கி இறுகும். கழுவி உலர்த்தினால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும், வேலை முடிந்ததற்கு அதுவே அடையாளம். கழுத்தில் அந்த வெளுப்பு ஈறுக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் ஒரு கோடாகத்தான் கிடைக்கும். மற்ற இடமெல்லாம் எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின். அதில் தாது 70 சதவீதம்தான், மீதி கொலாஜன் என்ற புரத நாரும் தண்ணீரும். அமிலம் தாதுவைக் கரைத்ததும் கொலாஜன் நார் அம்மணமாக நிற்கும். அதற்குள் ரெசின் ஊடுருவினால் கலப்பு அடுக்கு உருவாகும், நகாபயாஷி 1982-இல் விளக்கியது அது. கூடுதலாக ஒரு ஊது ஊதிவிட்டால் நார் படுத்துவிடும், ரெசின் உள்ளே போகாது. ஈரம் மிஞ்சினாலும் கெட்டது. பத்து விநாடிக்குள் எடுக்கிற முடிவு இது.

கிளாஸ் அயனோமரில் இந்தக் கூத்து இல்லை. 1972-இல் வில்சனும் கென்ட்டும் வெளியிட்டது. கண்ணாடித் தூளும் பாலி அக்ரிலிக் அமிலமும் சேர்ந்து, பல்லின் கால்சியத்தோடு நேரடியாக வேதிப்பிணைப்பு போடும். வெப்பத்தில் விரிவதும் ஏறக்குறைய டென்டின் அளவுக்குத்தான். கம்போசிட் இறுகும்போது கன அளவில் 2, 3 சதவீதம் சுருங்கிச் சுவரை விட்டு இழுக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பல்லவன்:
டீச்சர், கடைசி வரியில் மாட்டிக்கொண்டீர்கள். சுருக்கம் வில்லனாவது நாலு பக்கமும் சுவர் உள்ள பெட்டிக் குழியில். ஒரு சுவரைப் பிடித்தால் எதிர்ச்சுவர் இழுக்கும். கழுத்துப் பள்ளமோ திறந்த ஆப்பு வடிவம், சுருங்கி உள்வாங்க அங்கே இடம் தாராளம். சுருக்கம்தான் காரணம் என்றால் முதலில் கழன்றிருக்க வேண்டியது கடைவாய்ப் பல் ஃபில்லிங். இவருக்கு நடந்தது நேர் எதிர்.

வேதிப்பிணைப்பு ஜிஐசியின் தனிச்சொத்து என்பதும் பழைய கதை. இப்போதுள்ள யுனிவர்சல் பாண்டிங் என்கிற ஒட்டுத் திரவங்கள் பலவற்றில் பத்து-எம்டிபி என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அதுவும் கால்சியத்தைப் பிடிக்கும். டென்டினுக்கு அமிலமே வேண்டாம், எனாமல் ஓரத்துக்கு மட்டும் வைத்தால் போதும். உங்கள் பத்து விநாடிப் பதற்றத்தில் பாதி போச்சு.

ஜிஐசி அப்படி ஒன்றும் சாதுவும் இல்லை. குழைத்தது பளபளவென்று இருக்கும்போதே வைத்துவிட வேண்டும். பளபளப்பு மங்கினால், பல்லோடு சேர வேண்டிய அமிலம் கண்ணாடித் தூளோடு சேர்ந்து தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்புறம் வைப்பது வெறும் சாந்து.

வெறும்வாய்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்தக் காலத்து வெள்ளி ஃபில்லிங் இருபது வருஷம் நின்றதே, அதை வைத்தால் சண்டையே இல்லையே?

ஈரமண்:
வெறும்வாய், அது நிற்கும். ஆனால் தானாக ஒட்டாது. உள்ளே அகலம், வாயில் குறுகல் என்று குழி வெட்டினால்தான் நிற்கும். கழுத்தில் அதற்காக நல்ல பல்லை ஏன் வெட்ட வேண்டும்? அதில் பாதி பாதரசம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து, மருத்துவர் கட்டாயத் தேவை என்று கருதும் நேரம் தவிர, நிறுத்திவிட்டது.

பல்லவன் சார், ஆப்பு வடிவம் பற்றிச் சொன்னது சரி, சுருக்கத்தை வாபஸ் வாங்குகிறேன். மற்றதை விடமாட்டேன். வருஷக்கணக்கில் தேய்ந்த கழுத்தைப் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் கண்ணாடி மாதிரி மினுமினுக்கும். டென்டின் குழாய்கள் தாது அடைத்து இறுகிய பரப்பு அது, அமிலத்துக்கு லேசில் மசியாது. அதனால்தான் ரெசின் சேர்த்த கிளாஸ் அயனோமரைச் சொல்கிறேன். நீல ஒளி பட்டதும் இறுகும், வேதிப்பிணைப்பும் உண்டு.

பல்லவன்:
மினுமினுப்பை பர் என்ற சுழல்கருவி முனை வைத்து லேசாகச் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டுவோம். சரி, நாம் இரண்டு பேரும் இவர் வாயைப் பார்க்காமலே வாதாடிக்கொண்டிருக்கிறோம். கடைவாய், அன்றைக்கு ரப்பர் டேம் போட்டார்களா? பல் மட்டும் வெளியே தெரிய, சுற்றி ரப்பர் விரிப்பு.

கடைவாய்:
கீழ்ப் பல்லுக்குப் போட்டார்கள். மேலே ஈறுக்குப் பக்கத்தில் கிளிப் நிற்கவில்லை என்று பஞ்சு மட்டும் வைத்தார்கள். நீல நிற ஜெல்லை வைத்துக் கழுவினார்கள், நாக்கில் புளித்தது. நான் கையைத் தூக்கினேன், எழுந்து கொப்பளித்துத் துப்பினேன். திரும்பப் படுத்ததும் ஊதிவிட்டு, ஏதோ திரவத்தைத் தடவி லைட் அடித்தார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

பல்லவன்:
கொப்பளித்தீர்களா! மறுபடி அந்த அமில ஜெல்லை வைத்தார்களா?

கடைவாய்:
இல்லை. ஒருமுறைதான் புளித்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பல்லவன்:
அப்போது அந்தப் பரப்பு முழுக்க எச்சில் புரதம் படிந்திருக்கும். அமிலம் போட்ட குழியை அது அடைத்துவிடும், ஊதினால் போகாது. திரும்ப ஜெல் வைத்துக் கழுவியிருக்க வேண்டும். உள்பக்கம் வழவழவென்று வந்தது எதனால் என்று இப்போது தெரிகிறதா? கம்போசிட் நிரபராதி.

ஈரமண்:
ரப்பர் டேம் நிற்காத இடம், ஈறிலிருந்து கசிவு, கொப்பளிக்க எழுந்த ஆள். இத்தனையும் சரியாக அமைந்தால்தான் ஒட்டுவேன் என்கிற பொருளை அங்கே தேர்ந்தெடுத்ததைத்தான் நான் தப்பு என்கிறேன். எச்சில் ஜிஐசிக்கும் ஆகாது. ஆனால் மெல்லிய பாலி அக்ரிலிக் அமிலத்தால் பத்து விநாடி துடைத்துக் கழுவி, லேசான ஈரத்தோடு வைத்திருக்கலாம்.

பல்லவன்:
வைத்திருக்கலாம். மூன்றாவது வருஷம் சொரசொரப்பு என்று எனக்குத்தான் கேஸ் வரும்.

கடைவாய்:
அடுத்த வாரம் வேறொரு டாக்டரிடம் போகிறேன். டீச்சர் சொன்ன ரெசின் கலந்த சரக்கைக் கேட்கப் போகிறேன், பல்லவன் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம். எது வைத்தாலும் இந்தத் தடவை புளிப்பை விழுங்கிக்கொண்டு படுத்தே கிடப்பேன்.

பல்லவன்:
விழுங்க வேண்டாம் ஐயா, எச்சில் உறிஞ்சும் குழாயை வாயில் வைக்கச் சொல்லுங்கள். பிரஷையும் மென்மையானதாக மாற்றுங்கள், இல்லையென்றால் இதே இழையில் மறுபடி சந்திப்போம்.