எடப்பாடி தொகுதி: 1,364 ஓட்டிலிருந்து 93,802 வரை

சங்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

தோஹா தம்பி பற்றவைத்த சண்டை இன்னும் ஓயவில்லை. எடப்பாடி பழனிசாமிக்கு முதலமைச்சர் நாற்காலி கூவத்தூரில் விழுந்த லாட்டரி என்று தம்பி எழுத, எல்லாம் உழைப்பு என்று மெல்போர்ன் மாமா பதிலுக்கு எழுத, குழுவில் கட்சி அரசியல் வேண்டாம் என்று செயலாளர் அண்ணன் இருவரையும் அடக்கப் பார்த்தார். நான் கட்சி பேசவில்லை, ஓட்டுக் கணக்கு பேசுகிறேன். சசிகலா அணி எம்.எல்.ஏ.க்களைக் கூவத்தூர் விடுதியில் தங்கவைத்தது 2017 பிப்ரவரியில், சில நாள். அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருடக் கதை சேலம் மாவட்டத்தில் நம்ம எடப்பாடி தொகுதியில் இருக்கிறது. அதை இருவருமே தொடவில்லை.

1989இலிருந்து வருவோம். எம்.ஜி.ஆர். மறைந்து அ.தி.மு.க. இரண்டாக உடைந்து, இரட்டை இலைச் சின்னம் முடங்கிக் கிடந்த தேர்தல். ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். சேவலில் நின்று மாநிலம் முழுக்க ஜெயித்தவர்கள் 27 பேர்தான். வெல்லம் வியாபாரம் செய்துகொண்டிருந்த சிலுவம்பாளையத்துக்காரர் பழனிசாமி அதில் ஒருவர். வித்தியாசம் 1,364 ஓட்டு. ஒரு பெரிய ஊர் மாற்றிக் குத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தேர்தல் ஜனவரியில் நடந்தது. வன்னியர் ஆதரவில் நிற்கும் பா.ம.க.வை டாக்டர் ராமதாஸ் தொடங்கியது அதே வருடம் ஜூலையில். வன்னியர் ஓட்டு கணிசமாக உள்ள தொகுதியில், கொங்கு வேளாளர் ஒருவர் முதல் தடவை ஜெயித்தபோது பா.ம.க. என்ற கட்சியே கிடையாது. அடுத்து 1991. காங்கிரஸ் கூட்டணி, ராஜீவ் படுகொலைக்குப் பிறகான அலை. 41 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் இரண்டாவதாக வந்தது பா.ம.க. அப்போதே மணி அடித்துவிட்டது.

1996இல் பா.ம.க.விடம் தோற்றார். 1998இல் திருச்செங்கோட்டிலிருந்து நாடாளுமன்றம் போனார். பதின்மூன்று மாதத்தில் வாஜ்பாய் ஆட்சி கவிழ்ந்தது, 1999இல் அங்கேயும் தோல்வி. 2001 இன்னும் கசப்பானது. அம்மா ஆட்சியைப் பிடித்த தேர்தல் அது, ஆனால் கூட்டணியில் எடப்பாடி பா.ம.க.வுக்குப் போய்விட்டது. தன் கட்சி ஜெயித்த வருடத்தில் தன் தொகுதியையே எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவர்களுக்கு ஓட்டுக் கேட்க வேண்டிய நிலை! 2004இல் மறுபடி திருச்செங்கோடு, மறுபடி தோல்வி. 2006இல் எடப்பாடியில் நின்று மறுபடி பா.ம.க.விடமே தோற்றார். 1996இலிருந்து 2011 வரை பதினைந்து வருடம் சட்டசபைப் பக்கம் உறுப்பினராகப் போகவே இல்லை. வேறு ஒருவராக இருந்தால் கட்சி மாறியிருப்பார், இல்லை பாதுகாப்பான தொகுதியாகப் பார்த்துக் கேட்டிருப்பார். இவர் இரண்டையும் செய்யவில்லை. சட்டசபைக்கு நின்றதெல்லாம் எடப்பாடியில்தான்.

உழைத்தால் போதும் என்று மாமா சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. அதே 1989இல் ஏற்காட்டில் சேவலில் ஜெயித்தவர் சி. பெருமாள். அவரும் 1991இல் ஜெயித்தார், அவரும் நீண்ட இடைவெளிக்குப் பின் 2011இல் திரும்பி வந்தார். 2013 ஜூலையில் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவி சரோஜா ஜெயித்தார். தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதலில் வந்ததும் அந்தத் தேர்தலில்தான். ஒரே வருடத்தில் சட்டசபைக்குள் போன இருவர். பழனிசாமி 2011இல் நெடுஞ்சாலைத் துறை அமைச்சர். பெருமாள் கடைசிவரை எம்.எல்.ஏ. மலைத் தொகுதி, பழங்குடியினருக்கான தனித்தொகுதி என்றால் மேலே ஏற்றிவிட ஆள் இல்லை என்பது என் அபிப்பிராயம். மலைக்காரர்கள் யாராவது மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 2011, 2016 இரண்டிலும் எடப்பாடியில் இரண்டாமிடம் பா.ம.க.தான். அவர்களை எதிர்த்தே ஜெயித்தார். 2016இல் வித்தியாசம் 42,022. அப்புறம் 2017 பிப்ரவரி 18, நம்பிக்கை வாக்கெடுப்பு, 122க்கு 11. தம்பி சொல்லும் லாட்டரி இந்த இடத்தில்தான். ஒப்புக்கொள்கிறேன், சசிகலா சிறைக்குப் போகாமல் இருந்திருந்தால் இவர் பெயர் வந்திருக்காது. ஆனால் லாட்டரிப் பணத்தை நாலு வருடம் வைத்திருப்பது வேறு வித்தை. செப்டம்பரில் தினகரன் பக்கம் போன 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்கம். 2019 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் தேனி தவிர எல்லாம் போச்சு. அன்றைக்கே எண்ணிய 22 இடைத்தேர்தல்களில் ஒன்பதைப் பிடித்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டார். யாரிடம் எதை விட்டுக்கொடுத்தால் எது மிஞ்சும் என்ற அந்தக் கணக்கு 2001இல் படித்த பாடம் என்றே நினைக்கிறேன்.

2021ஐப் பாருங்கள். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட பிப்ரவரி 26 அன்றுதான் வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறியது. இந்தத் தடவை பா.ம.க. இவர் கூட்டணியில். எடப்பாடியில் 93,802 வித்தியாசம். சேலம் மாவட்டத்தின் 11 தொகுதியில் சேலம் வடக்கு தவிர பத்தும் கூட்டணிக்கு. மாநிலமோ கைவிட்டுப் போனது. அந்தச் சட்டத்தை அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. சாதிவாரியாகப் புள்ளிவிவரம் எடுக்காமல் அவசரத்தில் கொண்டுவந்ததை நான் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன்.

ஊருக்கு என்ன செய்தார் என்று கனடா அக்கா கேட்டிருந்தார்கள். சேலம் ஐந்து ரோடு ஈரடுக்குப் பாலத்தை விடுமுறையில் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் கொடுக்க மறுத்து அழுதவர்களும் நம்ம மாவட்டத்துக்காரர்கள்தான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால் பேச வேண்டியது மேட்டூர் உபரிநீரை 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடித் திட்டம். திப்பம்பட்டியில் நீரேற்றி ஓமலூர், எடப்பாடி, சங்ககிரிப் பக்கம் அனுப்புவது. 2021 பிப்ரவரியில் முதல் கட்டத்தைத் தொடங்கினார்கள். நம்ம ஏரிக்குக் குழாய் வந்துவிட்டதா, தண்ணீர் விழுந்ததா என்று ஊரில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டு யாராவது எழுதுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் சங்கத்து உறுப்பினன்